அங்குலேம்: சித்திரக்கதைக்கு ஊரே அரங்கு

பிரான்சின் தென்மேற்கில், ஷராந்த் ஆற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் குன்றின் மீது, பழைய மதில்கள் சூழ அமைந்த நகரம் அங்குலேம். மக்கள்தொகை சுமார் 40,000. காமிக்ஸ் வாசகரும் சேகரிப்பாளரும் வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க ஆசைப்படும் ஊர் இது. 1974 தொடங்கி, ஜனவரி இறுதியில் இங்கு நடந்துவந்த அனைத்துலகச் சித்திரக்கதை விழாவுக்கு, நான்கே நாளில் இரண்டு லட்சம் பேர் வரை வந்து போயிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் சான் டியேகோ காமிக்ஸ் மாநாடு பிரம்மாண்டமான ஒரு மாநாட்டு மையத்துக்குள் நடப்பது. திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனங்களின் அறிவிப்புகளுக்கே அங்கு பெருங்கூட்டம் சேரும். அங்குலேமில் அப்படி ஒற்றை அரங்கு கிடையாது. சதுக்கங்களில் கூடாரங்கள், நாடக அரங்கில் விருது விழா, பழைய மாளிகைகளில் மூல ஓவியக் கண்காட்சி என்று விழா ஊர் முழுவதும் பரவியிருக்கும். எங்கே போனாலும் நடுநாயகமாக இருப்பது புத்தகம்தான். அதை வரைந்தவர் மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருப்பார். படித்தவர் எதிரே நிற்பார். அங்குலேம் விழாவின் பெருமையும் அதற்கு வந்த சோதனையும் இந்த ஏற்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

காகிதம் செய்த ஊர்

சித்திரக்கதை வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அங்குலேம் காகிதத்துக்குப் பேர் பெற்றிருந்தது. ஷராந்தும் அதன் கிளையாறுகளும் தந்த தெளிந்த நீர் காகித ஆலைகளை இங்கே இழுத்து வந்தது. இங்கு செய்த காகிதம் ஹாலந்து வரை போனது. நாவலாசிரியர் பால்ஸாக் தமது ‘இழந்த மாயைகள்’ நாவலின் அச்சகத்தை இந்த ஊரில்தான் அமைத்தார். ஆற்றங்கரையில் சிகரெட் காகிதம் தயாரித்த ‘லெ நீல்’ ஆலை இப்போது காகித அருங்காட்சியகம்.

1972இல் ஃபிரான்சிஸ் குரூ, ழான் மார்திக்கியான் என்ற உள்ளூர்க்காரர் இருவர் ‘ஒரு கோடி படங்கள்’ என்ற பெயரில் ஒரு சித்திரக்கதைக் கண்காட்சியை நடத்தினார்கள். இத்தாலியின் லுக்கா நகரில் 1960களிலேயே காமிக்ஸ் விழா நடந்துகொண்டிருந்தது. அதைப் போல ஒன்றைத் தங்கள் ஊரிலும் நடத்த அவர்கள் விரும்பினார்கள். விமர்சகர் குளோது மொலித்தெர்னி துணை நின்றார். 1974 ஜனவரியில் முதல் விழா நடந்தது. ‘கோர்த்தோ மால்தேஸ்’ கதைகளைப் படைத்த ஊகோ பிராட் அதற்குச் சுவரொட்டி வரைந்தார். வாழ்நாள் பணிக்கான முதல் பெரும் பரிசு, ‘காஸ்தோன்’ என்ற சோம்பேறி அலுவலக ஊழியனைப் படைத்த பெல்ஜிய ஓவியர் ஃபிராங்கேனுக்குப் போனது.

அக்காலத்தில் பள்ளிகளும் பெற்றோரும் சித்திரக்கதையைச் சிறுவர்களின் பொழுதுபோக்காக மட்டுமே பார்த்தார்கள். பத்தாண்டுக்குள் நிலைமை மாறியது. 1980களின் தொடக்கத்தில் பண்பாட்டு அமைச்சர் ழாக் லாங் இந்த விழாவுக்கு வந்து சித்திரக்கதைக்கான அரசுத் திட்டங்களை அறிவித்தார். 1985இல் குடியரசுத் தலைவர் மித்தெரானே வந்தார். அங்குலேமில் சித்திரக்கதைக்கென்று ஒரு தேசிய நிறுவனம் எழுந்தது. ஓவியப் பள்ளியும், படைப்பாளிகள் தங்கி வேலை செய்யும் இல்லமும் உருவாயின. 2019இல் யுனெஸ்கோ இந்நகரை இலக்கியத்துக்கான படைப்பு நகரங்களின் பட்டியலில் சேர்த்தது.

குன்றேறும் வழி

பாரிஸின் மோன்பர்னாஸ் நிலையத்தில் அதிவேக ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். போர்தோவிலிருந்து வருவோருக்கு முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். விழா நாட்களில் ஊருக்குள் அறை கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே எல்லாம் நிரம்பிவிடும். கோன்யாக், போர்தோ போன்ற பக்கத்து ஊர்களில் தங்கிக் காலையில் ரயிலில் வந்து இரவில் திரும்புகிறவர்கள் ஏராளம். வீட்டில் ஓர் அறையை விருந்தினருக்கு ஒதுக்கித் தருவது உள்ளூர் மக்களின் வழக்கம். ஜனவரிக் குளிரும் தூறலும் சேர்ந்தே இருக்கும் என்பதால், புத்தகம் நனையாத பையும் நல்ல காலணியும் இன்றி வருவது உசிதமல்ல.

ரயில் நிலையம் குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. வெளியே வந்ததும் கண்ணில் படுவது ஒரு கற்றூண். ஆஸ்டெரிக்ஸ் கதைகளை எழுதிய ரெனே கோஸினியின் நினைவாக 2017இல் எழுப்பியது. லக்கி லூக் தமிழில் வந்தபோது சிரித்துப் படித்த வாசகருக்கு இந்தப் பெயர் புதிதல்ல. மோரிஸ் வரைய, அக்கதைகளுள் புகழ்பெற்ற பலவற்றை எழுதியவர் கோஸினி.

நிலையத்திலிருந்து பழைய ஊர் வரை ஏற்றம்தான். தெருப் பெயர்ப் பலகைகள் பல பேச்சுக் குமிழி வடிவில் இருக்கும். திருப்பங்களில் நான்கு மாடி உயரச் சுவர்களில் சித்திரக்கதைக் காட்சிகள் தீட்டப்பட்டிருக்கும். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட சுவர்கள் ஊரில் உள்ளன. லக்கி லூக்குக்கும் ஒரு சுவர் உண்டு. விழா முடிந்த பிறகும் இவை அழிக்கப்படுவதில்லை. கட்டணமின்றி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை நாளில் சுற்றிப் பார்க்கலாம்.

மேலே போனால் கடைத்தெருவுக்கு டின்டின்னைப் படைத்த எர்ஜேயின் பெயர். அங்கே அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. அதை வடித்தவர் சீனச் சிற்பி சாங் சொங்ரென். 1934இல் பெல்ஜியத்தில் கலை மாணவராக இருந்த சாங், சீனாவைப் பற்றி எர்ஜேக்கு எடுத்துச் சொன்னார். அந்த நட்பிலிருந்து பிறந்ததே ‘நீலத் தாமரை’ என்ற கதை. அதில் டின்டின் காப்பாற்றும் சீனச் சிறுவனுக்கு எர்ஜே தம் நண்பரின் பெயரையே வைத்தார்.

கூடாரங்களும் வரிசைகளும்

விழா நடக்கும் ஆண்டில் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கும் எல்லா நாட்களுக்கும் தனித்தனியே கிடைக்கும். ‘ஷான் தெ மார்ஸ்’ சதுக்கத்தின் பெருங்கூடாரத்தில் பெரிய பதிப்பகங்கள் கடை விரிக்கும். இன்னொரு சதுக்கத்தில் சிறு பதிப்பகங்களும் தாங்களே அச்சிட்டு விற்கும் இளைஞர்களும் இருப்பார்கள். ஜப்பானிய மாங்காவுக்குத் தனி அரங்கு உண்டு. பழைய நூல் வியாபாரிகளும் பொம்மை, சிலை, அச்சுப்படம் விற்போரும் வேறோர் இடத்தில். அவசரமில்லாதவர்கள் வியாழக்கிழமையே வந்துவிடுவது நல்லது. சனிக்கிழமை கூடாரங்களுக்குள் நகர்வதே சிரமம்.

வரிசைகளில் பெரும்பாலானவை கையெழுத்துக்கானவை. பிரெஞ்சு, பெல்ஜிய உலகில் வாசகருக்குக் கிடைப்பது கையெழுத்து மட்டுமல்ல, ஒரு படமும்கூட. ‘தெதிகாஸ்’ என்று வழங்கும் இந்த மரபைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரியும். புத்தகத்தை வாங்கி வந்தவர் அதை மேசை மேல் வைப்பார். ஓவியர் அட்டையைத் திறந்து, தலைப்புக்கு முந்தைய வெற்றுப் பக்கத்தில் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் தடவுவார். பெயரைக் கேட்பார், எந்தப் பாத்திரம் வேண்டும் என்றும் கேட்பார். பென்சிலால் மெல்லிய வட்டம், கண்ணுக்கு ஒரு குறுக்குக் கோடு, தோளுக்கு இரண்டு கோடுகள். பிறகு மை. புத்தகத்தில் நூறு முறை பார்த்த முகம் வெள்ளைத் தாளில் மூக்கிலிருந்து தொடங்கி உருவாகி வரும். சிலர் நீர்வண்ணப் பெட்டியைத் திறந்து நிழலும் தீட்டுவார்கள். மை உலரும் வரை புத்தகத்தை மூடாமல், இரு கையிலும் ஏந்தியபடி கூட்டத்தில் நடந்து போகிறவர்களை அங்குலேமில் எங்கும் காணலாம்.

ஒரு படத்துக்குச் சில நிமிடம் முதல் கால் மணி நேரம் வரை பிடிக்கும். இரண்டு மணி நேர அமர்வில் பத்துப் பதினைந்து பேருக்குத்தான் கிடைக்கும் என்பதால் பதிப்பகங்கள் காலையில் சீட்டு வழங்குவதும் குலுக்கல் நடத்துவதும் உண்டு. மடக்கு நாற்காலியோடு விடியற்காலையிலேயே வந்து காத்திருக்கும் அனுபவசாலிகள் எல்லா ஆண்டும் உண்டு. சிலர் இலவசமாக வாங்கிய படத்தை மறுநாளே விலைக்கு விற்பதும் நடக்கிறது. அதனால்தான் பல ஓவியர்கள் வாசகரின் பெயரைப் படத்துக்குள்ளேயே எழுதிவிடுகிறார்கள். தெதிகாஸ் ஒரு பரிசு. அதை விற்பனைச் சரக்காக்குவது மரபைக் கெடுக்கும் செயல்.

இதன் இன்னொரு வடிவம் ‘ஓவியக் கச்சேரி’. ‘தித்தெஃப்’ கதைகளின் ஓவியர் ஸெப்பும் இசைக்கலைஞர் ஆரெஸ்கி பெல்காஸெமும் 2005இல் இந்த விழாவில்தான் இதைத் தொடங்கிவைத்தார்கள். மேடையில் இசை ஒலிக்க, ஓவியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து ஒரே கதையைக் கட்டம் கட்டமாக வரைவார்கள். அவர்களது கை பெரிய திரையில் தெரியும். பேச்சு கிடையாது. முடிக்கும்போது ஒரு முழுக்கதை உருவாகியிருக்கும்.

சேகரிப்பாளரின் கண்

பழைய நூல் அரங்கில் நுழைகிறவருக்குப் பணத்தைவிட அறிவுதான் முதலில் தேவை. பிரெஞ்சுச் சேகரிப்பாளர்கள் ‘பே-தே-எம்’ என்ற விலைக் கையேட்டை 1979 முதல் நம்பி வருகிறார்கள். பெரா, தென்னி, மெலோ என்ற அதன் மூன்று ஆசிரியர்களின் முதலெழுத்துகளே அதற்குப் பெயர். எந்த நூலின் முதற்பதிப்பு எப்போது வந்தது, எப்படி அடையாளம் காண்பது, நல்ல நிலையில் இருந்தால் என்ன விலை என்பதை அது சொல்லும்.

டின்டின் நூல்கள் இதற்கு நல்ல பாடம். உள்ளே அச்சிட்டிருக்கும் உரிமை ஆண்டை மட்டும் பார்த்து முதற்பதிப்பு என்று நினைத்து ஏமாந்தவர்கள் பலர். மறுபதிப்புகளிலும் அதே பழைய ஆண்டு இருக்கும். உண்மையைச் சொல்வது பின்னட்டை. அதுவரை வெளிவந்த டின்டின் நூல்களின் பட்டியல் அங்கே இருக்கும். புதிய நூல் வரும்போதெல்லாம் பட்டியல் நீளும். உள்ளே 1946 என்றிருக்கும் ஒரு பிரதியின் பின்னட்டையில் ‘திபெத்தில் டின்டின்’ இடம்பெற்றிருந்தால் அது 1960க்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. திபெத் கதை நூலானது அந்த ஆண்டில்தான். இந்தப் பின்னட்டைகளைச் சேகரிப்பாளர்கள் ஏ, பி, சி எழுத்துகளும் எண்களும் இட்டு வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். எந்தப் பதிப்பகமும் செய்யாத இந்த ஆய்வைச் செய்தது ரசிகர்களின் பொறுமை.

அதற்குப் பிறகு நிலை. முதுகு கிழியாமல் இருக்கிறதா, நான்கு மூலையும் கூர் மழுங்காமல் இருக்கின்றனவா, பக்கங்கள் பழுப்பேறியுள்ளனவா, யாராவது வண்ணப் பென்சிலால் கிறுக்கியிருக்கிறார்களா, அட்டையைப் பின்னாளில் மெருகேற்றியிருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நல்ல வியாபாரி உறையிலிருந்து எடுத்துக் காட்டத் தயங்கமாட்டார். காட்ட மறுப்பவரிடம் விலையுயர்ந்த நூலை வாங்காமல் இருப்பதே நல்லது. மூல ஓவியம் வாங்குவோர் ரசீதும், அது யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது என்ற விவரமும் கேட்டுப் பெற வேண்டும். கையிருப்பு குறைவானவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. சிறு பதிப்பகக் கூடாரத்தில் சில யூரோக்களுக்கு வாங்கும் கையச்சுப் பிரசுரம், நாளை பெயர் பெறப்போகும் ஓர் ஓவியரின் முதல் படைப்பாக இருக்கலாம்.

விலை எந்த உயரம் வரை போகும் என்பதற்கு ‘நீலத் தாமரை’ சான்று. எர்ஜே 1936இல் அதற்கு வரைந்த ஓர் அட்டை ஓவியம், வண்ண அச்சுச் செலவு அதிகமாகும் என்று ஒதுக்கப்பட்டது. மடித்த தடம் இன்றும் தெரியும் அந்த ஓவியம் 2021 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் சுமார் 32 லட்சம் யூரோவுக்குப் போனது.

மூல ஓவியங்களின் வீடு

குன்றிலிருந்து ஆற்றை நோக்கி இறங்கினால் சித்திரக்கதை அருங்காட்சியகம். முன்பு கோன்யாக் மதுவைச் சேமித்த நீண்ட கிடங்குகளைப் புதுப்பித்து 2009இல் திறந்தார்கள். ஆற்றைக் கடக்கும் நடைபாலத்தில் கோர்த்தோ மால்தேஸின் சிலை நிற்கிறது. மறுகரையில் ‘மோபியஸ் கப்பல்’ என்ற கட்டடம்.

அந்தப் பெயர் தமிழ் வாசகருக்கு நெருக்கமானது. மோபியஸ் என்ற புனைபெயரில் அறிவியல் புனைகதைகளை வரைந்தவரின் இயற்பெயர் ழான் ழிரோ. ஷார்லியே எழுத அவர் வரைந்த ‘புளூபெரி’ குதிரைவீரன்தான் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸில் கேப்டன் டைகர். 1981இல் அங்குலேமின் பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது. ‘இரத்தப் படலம்’ என்று தமிழில் வந்த தொடரும் லார்கோ வின்ச்சும் இதே பிரெஞ்சு-பெல்ஜிய மரபின் படைப்புகள். இந்த அருங்காட்சியகத்துக்குள் நுழையும் தமிழ்க் காமிக்ஸ் ரசிகர் அந்நியராக இருக்கமாட்டார்.

அச்சுப் பக்கத்தைவிட மூல ஓவியம் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். தவறிய கோட்டை மறைத்த வெள்ளை வண்ணத் திட்டு, அழிக்காமல் விட்ட நீலப் பென்சில் கோடு, பேச்சுக் குமிழிக்கு மேல் ஒட்டிய திருத்தச் சீட்டு ஆகியவை அச்சில் தெரியாதவை. ஒரு கட்டம் எத்தனை முறை மாறியிருக்கிறது என்பதை இவற்றில் படிக்கலாம். மையும் வண்ணமும் வெளிச்சத்தில் வெளிறும் என்பதால் அரங்கில் மங்கிய விளக்கே எரியும். சில மாதங்களுக்கு ஒருமுறை ஓவியங்களை மாற்றி, காட்டியவற்றை இருட்டில் ஓய்வெடுக்க வைக்கிறார்கள். வீட்டில் சேகரிப்போரும் பின்பற்ற வேண்டிய விதி இது. நேர் வெயில் கூடாது, ஈரம் கூடாது, அமிலம் கலந்த அட்டையோடு சேர்த்து வைக்கக் கூடாது.

பரிசுகளும் படைப்பாளிகளும்

ஆண்டின் சிறந்த நூலுக்குத் தங்க ‘ஃபோவ்’ விருது. லூயி திரோந்தேம் 2007இல் வரைந்த பூனை வடிவச் சின்னமே அதன் சிலை. அதே ஆண்டில் ஷிகெரு மிசுகியின் ‘நோன்நோன்பா’ சிறந்த நூல் பரிசை வென்ற முதல் மாங்கா ஆனது. வாழ்நாள் பெரும் பரிசைப் பெறுகிறவருக்கு அடுத்த விழாவில் கண்காட்சி அமைப்பார்கள்; சுவரொட்டியும் அவரே வரைவார். 2014இல் ‘கால்வினும் ஹாப்ஸும்’ படைத்த பில் வாட்டர்சனுக்குப் பெரும் பரிசு கிடைத்தது. அவர் அங்குலேமுக்கு வரவில்லை. ஆனால் சுவரொட்டி வரைந்து அனுப்பினார்.

2016இல் பெரும் பரிசுக்கு முன்மொழியப்பட்ட 30 பேரில் ஒரு பெண்கூட இல்லை. பட்டியலில் இருந்த ஆண்களே பலர் தங்கள் பெயரை நீக்கச் சொன்னார்கள். விழாக் குழு பட்டியலைக் கைவிட்டு, படைப்பாளிகள் விரும்பியவருக்கு வாக்களிக்க வழி செய்தது. அதன் பிறகு ருமிகோ தகஹாஷி 2019இலும், ஜூலி தூசே 2022இலும், போஸி சிம்மண்ட்ஸ் 2024இலும், அனூக் ரிக்கார் 2025இலும் பெரும் பரிசு பெற்றார்கள்.

பணப் பிரச்சினை இதைவிட ஆழமானது. பிரெஞ்சுச் சித்திரக்கதைப் படைப்பாளிகள் 2016இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பங்கேற்றவர்களில் 53 சதவீதத்தினரின் ஆண்டு வருமானம் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியத்தைவிடக் குறைவு. 36 சதவீதத்தினர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாள் முழுவதும் வாசகருக்குப் படம் வரைந்து தரும் உழைப்புக்கு நெடுங்காலம் ஊதியமே இல்லை. 2015 விழாவில் படைப்பாளிகள் தெருவில் ஊர்வலம் போனார்கள். விழா நிர்வாகம் குறித்த அதிருப்தி 2025இல் முற்றி, பெரும் பரிசு பெற்றவர்கள் உள்ளிட்ட ஏராளமானோர் புறக்கணிப்பை அறிவித்தார்கள். பதிப்பகங்களும் பின்வாங்கின. 2026 ஜனவரியில் நடக்க வேண்டியிருந்த 53ஆவது விழா ரத்தானது.

கூடாரம், ஊர், வாசகர் எல்லாம் இருந்தும், வரைகிறவர்கள் வரமறுத்ததால் விழா நடக்கவில்லை. அரை நூற்றாண்டாக அங்குலேம் உலகுக்குச் சொல்லிவந்ததும் இதைத்தான்: சித்திரக்கதை என்பது அதை வரைந்தவரின் கலை. நாயகனின் பெயரை நினைவில் வைத்திருக்கும் வாசகர், எழுதியவர் பெயரையும் வரைந்தவர் பெயரையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். சேகரிப்பின் முதல் கடமை அது.

அருங்காட்சியகமும் சுவரோவியங்களும் விழாவை நம்பி இருப்பவை அல்ல; மற்ற மாதங்களிலும் அவற்றைப் பார்க்கலாம். விழாவுக்கென்று பயணம் திட்டமிடுவோர், அந்த ஆண்டு விழா உறுதியான பிறகே ரயில் சீட்டும் அறையும் பதிவு செய்ய வேண்டும்.